முட்டுக் கொடுத்த குதிரை

"எதை வேணும்னாலும் செய்யலாம்னா, எதை சார்?"

கேட்டவன் முதல் பெஞ்சுப் பையன். வகுப்பில் அவனுக்குக் கேள்விக்குறி என்று பெயர். அவனுக்கு முன்னால் ஓர் உருண்டைக் களிமண் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கு முன்னாலும் ஒவ்வோர் உருண்டை இருந்தது. மணி அடித்து வெகுநேரம் ஆகியும் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

"எதை வேணும்னாலும்னா, எதை வேணும்னாலும்தான்" என்றார் ஸ்கேல் சார்.

"எவ்வளவு பெருசு சார்?"

"உன் இஷ்டம்."

"மார்ஜின் விடணுமா சார்?"

"களிமண்ணுக்கு ஏதுடா மார்ஜின்?"

"பேரு எந்தப் பக்கம் சார் எழுதணும்? மேலயா, அடியிலயா?"

ஸ்கேல் சார் கண்ணை மூடித் திறந்தார். பிள்ளைகள் மீது குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியும். மார்ஜின் விடாத தாளை அவர் இதுவரை திருத்தியதே இல்லை.

"சொந்தமா யோசிங்க" என்றார்.

வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. சற்று நேரம் கழித்துக் கேள்விக்குறி மறுபடி எழுந்தான்.

"எவ்வளவு நேரம் சார் யோசிக்கணும்?"

ஸ்கேல் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கையில் ஸ்கேல் வைத்திருப்பதால் வந்த பெயர் அல்ல. அவரே ஒரு ஸ்கேல் போல இருந்ததால் வந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் கூன் போட்டு நடந்ததில்லை. அவருடைய தந்தை இதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். இப்போது மண்டபத்துச் சுவரில் படமாக இருக்கிறார். படத்திலும் நிமிர்ந்தே இருக்கிறார். அக்கா வேறொரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியான ஸ்கேல் சார் மட்டும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராகவே தங்கிவிட்டார். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை, குறைந்தபட்சம் அவர் காதில் விழும்படி.

கண்டிப்பானவர்தான். ஆனால் எந்தப் பிள்ளை மீதும் அவர் கை பட்டதில்லை. காலையில் முதல் வேலையாக வகுப்பிலுள்ள மொட்டைப் பென்சில்களையெல்லாம் வாங்கித் தாமே சீவிக் கொடுப்பார். ஊசி போலக் கூர் இருக்கும். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகள் இருக்கும். ஒன்று அவருக்கு, இன்னொன்று மூக்கு ஒழுகும் எந்தப் பிள்ளைக்கும்.

அப்படிப்பட்டவருக்கு இந்தக் களிமண் சோதனை வந்தது புதிய தலைமையாசிரியையால்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சி சார்" என்று அன்று காலையில்தான் அழைத்துச் சொன்னார். "பிள்ளைங்க தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே யோசிச்சு செஞ்சதா இருக்கணும். நீங்க மாதிரி செஞ்சு காட்டவே கூடாது."

"சரி மேடம்."

"போன தடவை உங்க வகுப்புல எல்லாரும் ஒரே வீட்டை வரைஞ்சிருந்தாங்க. ஒரே கதவு, ஒரே ஜன்னல். சூரியன்கூட எல்லாப் படத்துலயும் ஒரே மூலையில."

"சூரியன் ஒண்ணுதானே மேடம்?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"இந்தத் தடவையும் அப்படி இருந்தா, கைவேலை வகுப்பை பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். அந்த நேரத்துல நீங்க நூலகத்தைப் பாத்துக்கலாம். அமைதியா இருக்கும்." பிறகு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: "சிறப்பு விருந்தினர் யாருன்னு சொல்லலையே. உங்க அக்காதான்!"

ஸ்கேல் சாருக்கு முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அச்சம் வந்தாலும் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

இப்போது வகுப்பறையில், தொடப்படாத களிமண் உருண்டைகளைப் பார்த்தபடி அவர் ஒரு முடிவுக்கு வந்தார். செய்து காட்டுவது வேறு, செய்வது வேறு. தம் பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்து எதையாவது செய்தால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரும்.

குதிரையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தலை, ஒரு வால், நான்கு கால் என்று கணக்காக இருக்கும் பிராணி.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. களிமண்தான் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. வயிறு பெருத்தது. கழுத்து சாய்ந்தது. முன்னங்கால் ஒன்று கழன்று விழுந்தது. ஒட்டினார், விழுந்தது. மீண்டும் ஒட்டினார், பக்கத்துக் காலையும் இழுத்துக்கொண்டு விழப் பார்த்தது. கடைசியில் காலைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் குதிரையின் நெஞ்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். பின்புறத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு மொத்தமும் அவருடைய மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

"என்ன சார் இது?" என்றான் கேள்விக்குறி.

"குதிரை."

"உக்காந்திருக்கா சார்?"

"நிக்குது."

பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. கடைசி பெஞ்சுச் சிறுமி, வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குகிறவள், அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து ஆண்டாக அந்த அறையில் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஸ்கேல் சாரின் காதுகள் இரண்டும் சிவந்தன. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்துக் குதிரையை முழுவதுமாக மூடினார். மூடியதைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. நல்லவேளையாக மணி அடித்தது.

வீட்டில் அக்கா கேட்டார்: "பசங்க என்ன செய்யறாங்க?"

"அவங்க இஷ்டம்க்கா."

"அவங்க இஷ்டம்னா என்ன?"

"அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோ பாரு தம்பி. நம்ம வீட்டுல யாரும் தன் வகுப்பை அடுத்தவங்க கையில குடுத்துட்டு வந்ததில்ல. நான் விருந்தாளியா வந்து நிக்கிற அன்னிக்கு, அப்பா படத்துக்குக் கீழேயே அது நடந்துடக் கூடாது. நான் சலுகையெல்லாம் காட்ட மாட்டேன். தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் அவருக்குக் கையெழுத்துப் போட்டியில் மூன்றாம் பரிசு கொடுத்தவரே அக்காதான்.

மறுநாள் கைவேலை நேரம். ஸ்கேல் சார் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் களிமண் தட்டும் ஓசை கேட்டது. குசுகுசுவென்று பேச்சும் கேட்டது. நல்ல அறிகுறி என்று நினைத்தார். மணி அடிக்கும்போது திரும்பிப் பார்த்தார்.

வரிசையாகக் குதிரைகள். ஒவ்வொரு குதிரைக்கும் பெருத்த வயிறு, சாய்ந்த கழுத்து, மூன்று கால். நெஞ்சுக்குக் கீழே ஒரு சாக்பீஸ். பின்புறத்தில் ஒரு கட்டைவிரல் பள்ளம்.

சாக்பீஸ் டப்பா காலியாக இருந்தது.

"யாருடா இதைச் செய்யச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றான் கேள்விக்குறி. "எதை வேணும்னாலும் செய்யலாம்னீங்க."

ஸ்கேல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ ஒன்று மளுக்கென்று ஒடிந்தது போல இருந்தது. ஒரே வீடு, ஒரே சூரியன், இப்போது ஒரே குதிரை. தலைமையாசிரியை சொன்னது சரிதானோ? பார்த்ததை அப்படியே எழுதப் பழக்கியே இந்தப் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டுவிட்டேனோ?

அடுத்த நாள் வேறு வழியை எடுத்தார். தேர்வு செய்ய வழி தெரியாத பிள்ளைகளுக்குத் தேர்வைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினார்: வீடு, படகு, மரம், பறவை. எழுதியபின், இது கட்டளை போல இருக்கிறதே என்று தோன்றியது. யாராவது கேட்டால் சுதந்திரம் கொடுத்ததாகச் சொல்ல வேண்டுமே. அடியில் ஒரு வரி சேர்த்தார்: அல்லது உங்கள் விருப்பம்.

"வீடு யாருக்கு? கை தூக்குங்க."

ஒரு கையும் இல்லை.

"படகு? மரம்? பறவை?"

கடைசி பெஞ்சுச் சிறுமியின் கை லேசாக அசைந்தது. பக்கத்தில் இருந்தவள் அவளுடைய முழங்கையை இடித்தாள். கை இறங்கிவிட்டது.

"சரி, உங்க விருப்பம் யாருக்கு?"

வகுப்பே கை தூக்கியது.

ஸ்கேல் சார் மகிழ்ச்சியோடு களிமண்ணை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை அந்த மகிழ்ச்சியும் மூன்று காலில் நின்றது.

வேறு வழியின்றிப் பெற்றோரின் துணையை நாடினார். பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து, "வீட்ல உக்காந்து செஞ்சிட்டு வாங்க. குதிரை மட்டும் வேண்டாம். பெரியவங்க கூட இருக்கலாம், கை வைக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை வகுப்பறை அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. உச்சியில் விளக்கு சுற்றியது. ஒரு தொங்கு பாலம் வந்தது. அதை இருவர் தூக்கி வந்தார்கள். ஒரு மருத்துவரின் மகன் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஒன்றைத் தட்டில் ஏந்தி வந்தான்.

"இது என்னப்பா?"

"அப்பாகிட்ட கேட்டு சொல்றேன் சார்."

கேள்விக்குறி கொண்டு வந்தது ஒரு மாளிகை. "எங்கம்மாவும் சித்தப்பாவும் சண்டை போட்டாங்க சார்" என்று பெருமையாகச் சொன்னான். "மாடி வேணுமா வேணாமான்னு. நான் தூங்கிட்டேன்."

தலைமையாசிரியை வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். சுற்றும் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாத்தையும் வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பும்போது கடைசி பெஞ்சுக்கு அடியில் ஏதோ ஒன்று ஸ்கேல் சாரின் கண்ணில் பட்டது. குனிந்து எடுத்தார். விரல் நுனி அளவுக்கு ஒரு களிமண் சிட்டுக்குருவி. தலையைச் சற்றே திருப்பி, இதோ பறக்கப்போகிறேன் என்பது போல இருந்தது. எந்தப் பெற்றோரோ தவறவிட்டது என்று நினைத்தார். பிறகு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டதாகவும் இருக்கலாம் என்று பட்டது. கொண்டு போய்க் கேட்டார்.

"எங்க பசங்களா? வாய்ப்பே இல்ல சார்" என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். "எங்க வகுப்புல எல்லாமே பாம்பு. உருட்டினா பாம்பு வந்துடுது, அதோட நிறுத்திக்கறாங்க. நான் அதை நதின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஸ்கேல் சார் குருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யோசனையோடு திரும்பினார். நதி என்று சொல்லலாம் போலிருக்கிறதே.

மிஞ்சியிருந்தது அன்று பிற்பகல் மட்டும். பிள்ளைகளுக்குப் புதுக் களிமண் கொடுத்தார். பெஞ்சுகளுக்கு இடையே நடந்தார். கடைசி பெஞ்சுச் சிறுமியின் கையில் ஒரு குதிரை இருந்தது. அவர் அருகில் வரும்போது அதன் முன்னங்கால் ஒன்று அவளுடைய விரலோடு வந்துவிட்டது.

"உடைஞ்சிடுச்சாம்மா?"

அவள் வேகமாகத் தலையாட்டினாள். அதைவிட வேகமாகச் சாக்பீஸை எடுத்து முட்டுக் கொடுத்தாள்.

அன்று மாலை, பிள்ளைகள் போனபின், ஸ்கேல் சார் தம் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். வெள்ளை அட்டைகளை வெட்டினார். தம் குடும்பத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்த கையெழுத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தலைப்பு எழுதினார். "இளைப்பாறும் ஒட்டகம்." "புயலுக்குப் பின் படகு." "பழைய மேசை." "மேகம்." கற்பனை வற்றியபோது "சிந்தனை" என்று எழுதினார். அதுவும் தீர்ந்தபோது "எதிர்காலம்."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஐந்தாம் வகுப்பின் மேசை தந்தையின் படத்துக்கு நேர் கீழே போடப்பட்டிருந்தது. ஸ்கேல் சார் அதன் பக்கத்தில் கம்பம் போல நின்றார்.

தொடக்கத்தில் நிலைமை அவ்வளவு மோசமாக இல்லை. ஒரு தகப்பனார் "எதிர்காலம்" முன்னால் கைகட்டி நின்றார். "மூணு கால். ஒரு சாக்பீஸ். அதாவது, கல்விதான் முட்டுக் குடுக்குது. அப்படித்தானே சார்?"

"அப்படியும் எடுத்துக்கலாம்" என்றார் ஸ்கேல் சார்.

பிறகு அக்கா வந்தார், தலைமையாசிரியை பக்கத்தில் வர. ஒரு கோடியிலிருந்து தொடங்கினார். ஒட்டகத்தைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மேகத்தின் பின்புறத்திலிருந்த கட்டைவிரல் பள்ளத்தைக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பசங்களா, இதெல்லாம் என்ன?"

"குதிரை டீச்சர்!" என்றான் கேள்விக்குறி. "எல்லாமே குதிரைதான்!"

தகப்பனார் "எதிர்காலம்" முன்னாலிருந்து மெல்ல நகர்ந்து போனார்.

அக்கா மேசையின் நடுவில் நின்றார். அங்கே அட்டை இல்லாத ஒரு குதிரை இருந்தது. ஸ்கேல் சார் அதை அடையாளம் கண்டுகொண்டார். அலமாரியில் கைக்குட்டைக்குள் கிடந்த குதிரை அது. யார் எடுத்து வைத்தது, எப்போது வைத்தது என்று தெரியவில்லை. மற்ற குதிரைகளெல்லாம் அதைச் சுற்றி, அதற்குத் துணை வந்தவை போல நின்றன.

அக்கா அதைத் தூக்கி விரல் பள்ளத்தில் தம் விரலை வைத்துப் பார்த்தார். "இது பெரியவங்க கை. யாரு செஞ்சது?"

கேள்விக்குறிகூட வாயை மூடிக்கொண்டான். ஏதாவது ஒரு பெற்றோரின் தலையில் கட்டிவிட அது நல்ல தருணம்தான். ஸ்கேல் சார் தந்தையின் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான்க்கா."

"மாதிரி காட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே சார்?" என்றார் தலைமையாசிரியை.

"சொன்னீங்க மேடம். நான்தான் காட்டினேன். இந்தத் தலைப்பெல்லாம்கூட நான் எழுதினதுதான்." குரல் நிமிர்ந்தே இருந்தது. "பசங்க மேல தப்பில்ல. பாத்ததைத் தவிர வேற ஒண்ணும் செய்யத் தெரியாம வளத்தது நான். கைவேலை வகுப்பை பக்கத்து வகுப்பு டீச்சருக்கே குடுத்துடுங்க. நான் நூலகத்துக்குப் போறேன்."

அக்கா கையிலிருந்த குதிரையை மேசையில் வைத்துவிட்டுத் தம்பியையே பார்த்தார். தம்பியை அவர் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போது யாரோ கூட்டத்தில் முண்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி பெஞ்சுச் சிறுமி. மேசைக்கு அடியிலிருந்த வாளியிலிருந்து ஒரு பிடி களிமண்ணை அள்ளினாள். யாரையும் பார்க்காமல் பிசைந்தாள், உருட்டினாள், கிள்ளினாள், நீவினாள். அவளுடைய விரல்கள் என்ன செய்கின்றன என்று புரிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கையை எடுத்தாள்.

மேசை மேல் ஒரு குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. பிடரி காற்றில் பறந்தது. மூக்கு விடைத்திருந்தது. கால் நான்கும் இருந்தன, சாக்பீஸ் இல்லை.

ஸ்கேல் சாரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சிட்டுக்குருவியைத் தொட்டது.

அக்கா குனிந்து, குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் முதுகை வளைத்ததை ஊர் பார்த்தது அன்றுதான்.

"இவ்வளவு அழகா செய்யத் தெரிஞ்சவ, இத்தனை நாளா ஏம்மா காலை உடைச்சு உடைச்சு வெச்சே?"

சிறுமி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"சார் குதிரை மட்டும் அப்படி நின்னா எல்லாரும் சிரிப்பாங்க, எல்லாக் குதிரையும் அப்படியே நின்னா குதிரைன்னாலே இப்படித்தான்னு நினைச்சுக்குவாங்கன்னு, நாங்களே சொந்தமா யோசிச்சோம் டீச்சர்."